ஊர்ப் பணத்தில் மருத்துவ உதவி: முகாமா, ஆம்புலன்ஸா, வேறு ஏதாவதா?

கடலோரத்தான் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சலுக்கும் மணவாளக்குறிச்சிக்கும் நடுவில் இருக்கிற ஒரு கடற்கரை ஊர் எங்களுடையது. எங்கள் ஊர்ப் பையன்கள் நிறைய பேர் சவூதி, குவைத், பஹ்ரைன் பக்கம் படகு வேலைக்குப் போயிருக்கிறார்கள். அவர்களும் ஊரில் இருக்கிற வாசகசாலைக்காரர்களுமாகச் சேர்ந்து கொஞ்சம் பணம் சேர்த்து வைத்திருக்கிறோம். மருத்துவத்துக்கு மட்டும்தான் செலவழிக்க வேண்டும் என்று முடிவு. சங்கமாகப் பதிவும் செய்தாயிற்று.

இப்போது என்ன செய்வது என்பதில்தான் ஊர்க்கூட்டத்தில் மூன்று பிரிவாக நிற்கிறார்கள். பெரியவர்கள் ஆம்புலன்ஸ் வாங்கச் சொல்கிறார்கள். இளைஞர்கள், வெளியூர் தொண்டு நிறுவனம் ஒன்று மாதம் ஒரு பொது மருத்துவ முகாம் நடத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறது, அதற்குச் சரி சொல்லலாம் என்கிறார்கள் (பந்தல், சாப்பாடு, மருந்துச் செலவு எங்களுடையது). மூன்றாவது தரப்பு, ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்தில் இருக்கும்போது நாம் எதற்கு இதில் இறங்க வேண்டும், அரசு செய்யட்டும் என்கிறது.

எனக்கு முகாம் மேல் நம்பிக்கை குறைவு. முன்பு ஒரு முகாமில் அம்மாவுக்கு சர்க்கரை அதிகம் என்று சொல்லி, பத்து நாளைக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அதற்கப்புறம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மாத்திரை தீர்ந்ததும் சர்க்கரையும் தீர்ந்தது என்று அம்மா நினைத்துக்கொண்டார்கள். நம் மாவட்டத்தில் தொண்டு அமைப்புகள் செய்ததில் எது உண்மையிலேயே பயன்பட்டது என்று பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

தக்கலை நர்ஸ்:

தம்பி, நான் கிராம சுகாதார நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உங்கள் அம்மா மாதிரி ஆட்களை வாழ்க்கை முழுக்கப் பார்த்திருக்கிறேன். முகாமில் கண்டுபிடித்தவரின் பெயர் எங்கள் பதிவேட்டுக்கு வரவே வராது. அவருக்கு சர்க்கரை இருப்பது அந்தப் பந்தலில் இருந்த டாக்டருக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும், டாக்டர் ஊருக்குப் போய்விடுவார். ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் ஆயுள் முழுக்க மருந்து வேண்டிய நோய்கள். கண்டுபிடிப்பது சுலபம், கொதிப்புக்குக் கையில் ஒரு பட்டை, சர்க்கரைக்கு ஒரு ஊசிக் குத்து போதும். மருந்து விடாமல் சாப்பிட வைப்பதில்தான் பாடு அத்தனையும் இருக்கிறது.

சரி, அரசு என்ன செய்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கணக்குப்படி சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழக அரசுத் திட்டம் வந்த பிறகு, மகளிர் குழுவில் இருந்து எடுத்த பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வலி நிவாரண நர்ஸும் வட்டார அளவில் உண்டு. மருந்துக்குக் காசு இல்லை.

அப்படியென்றால் ஓட்டை எங்கே? தன்னார்வலர் வீட்டுக்கு வருகிற பகல் நேரத்தில் ஆண்கள் கடலில் இருப்பார்கள், அல்லது விடியற்காலையில் கரையேறி அசந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள். தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் படகுகளில் போகிறவர்கள் வாரக்கணக்கில் ஊரிலேயே இல்லை. பெண்களிலும் மீன் விற்கப் போகிறவர்கள், முந்திரி ஆலைக்குப் போகிறவர்கள் சாயங்காலம்தான் வீடு திரும்புகிறார்கள். விடுபடுவது பெரும்பாலும் உழைக்கிற வயதுக்காரர்கள்தான், பக்கவாதம் வந்து விழுந்த பிறகுதான் அவர்கள் எங்கள் கணக்கில் ஏறுகிறார்கள்.

உங்கள் பணத்தில் பெரும்பகுதி இந்த ஓட்டையை அடைக்கப் போகட்டும் என்பேன். ஏலக்கூடத்தில், வலை பின்னுகிற இடத்தில், ஞாயிற்றுக்கிழமை ஆலயம் முடிந்து வரும்போது பிரஷர் பாருங்கள். அதிகமாக இருப்பவரை அந்த வாரத்துக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூடவே கூட்டிப்போய்ப் பதிய வையுங்கள். சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினால் அவர் போகமாட்டார், கூட ஒருவர் போக வேண்டும். மாத்திரையை நீங்கள் வாங்கிக் கொடுக்காதீர்கள், அரசு மாத்திரையே போதும். அதை ஒழுங்காக எடுக்கிறாரா என்று கேட்க ஊரில் ஒரு ஆள் இருந்தால் அதுவே பெரிய வைத்தியம்.

---

களியக்காவிளை வாசி:

அக்கா சொன்னதற்கு மேல் ஒரு விஷயம். நான் எல்லையில் இருப்பவன், கேரளத்தில் பாறசாலைப் பக்கம் ஒரு வலி நிவாரண அமைப்பில் தன்னார்வலராகப் போய் வருகிறேன், அதனால் இரண்டு பக்கத்தையும் பார்க்க முடிகிறது.

நம் ஆட்கள் எத்தனையோ பேர் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கும் நெய்யூர் மருத்துவமனைக்கும் போகிறார்கள். சிகிச்சை ஒரு கட்டத்தில் முடிந்துவிடுகிறது, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிடுகிறார்கள். அந்த வீட்டுக்குள் அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்று நம் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை. புண்ணில் நாற்றம் வருகிறது என்று நோயாளியைப் பின்கட்டில் போட்டு வைத்திருக்கிற வீடுகளுக்குள் போயிருக்கிறேன். அன்பில்லாமல் அப்படிச் செய்வதில்லை. புண்ணை எப்படிக் கழுவுவது, எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை.

கேரளத்தில் இந்த வேலையை முதலில் எடுத்தது அரசு இல்லை. 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் கூட இருந்தவர்களும் தொடங்கிய சிறிய கிளினிக்கில் இருந்து வந்தது அது. பிறகு மலப்புறம் பக்கத்து ஊர்களில் சாதாரண மனிதர்கள், கடைக்காரர்கள், ஆசிரியர்கள், கல்லூரிப் பிள்ளைகள் பயிற்சி எடுத்து வாரத்தில் கொஞ்ச நேரம் ஒதுக்கி வீடு வீடாகப் போனார்கள், செலவுக்கு ஊரிலேயே சில்லறை சேர்த்தார்கள். அது பரவியதும் 2008-ல் மாநில அரசு அதற்கென்று கொள்கை அறிவித்தது, பஞ்சாயத்துகள் நர்ஸ் வைத்து வீட்டுக்கு அனுப்பத் தொடங்கின. தொண்டு அமைப்பு முன்னால் போய், அரசு பின்னால் வந்து, கடைசியில் இரண்டும் சேர்ந்து நடந்த கதை இது. மாவட்ட எல்லையான ஆரல்வாய்மொழி தாண்டி இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள், நமக்கு பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

உங்கள் ஊரில் செய்ய முடிந்தது என்ன என்றால், பயிற்சி பெற்ற ஐந்தாறு பேர் முதலில். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவது, சிறுநீர்க் குழாய் இருப்பவரைச் சுத்தமாக வைப்பது, புண் கட்டுவது, வாய் கழுவுவது. அடுத்தது காற்று மெத்தை, சக்கர நாற்காலி, வாக்கர், கமோடு நாற்காலி, ஆக்ஸிஜன் செறிவூட்டி இவற்றை வாங்கி வாசகசாலையில் வைத்துக்கொண்டு, நூலகப் புத்தகம் மாதிரி கொடுத்து வாங்குவது. ஒருவர் குணமானாலும் இறந்தாலும் பொருள் திரும்பி வந்து அடுத்தவருக்குப் போகும். ஆம்புலன்ஸ் விலையில் ஒரு சிறு பங்குக்கு இது முடியும்.

மார்ஃபின் பற்றி யாராவது கேட்பார்கள். வலி கடுமையாக இருக்கிற புற்றுநோயாளிக்கு அது வேண்டியதுதான், மாத்திரை விலையும் குறைவுதான். 1985 போதைப்பொருள் சட்டத்தால் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது, 2014 திருத்தத்துக்குப் பிறகு அனுமதி முறை எளிதானது. ஆனாலும் அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனத்தில் மருத்துவர் எழுதித்தான் தர முடியும். சங்கம் அதைத் தொடக்கூடாது. நோயாளியை அந்த மருத்துவரிடம் சேர்ப்பதோடு உங்கள் வேலை முடிகிறது.

---

மணக்குடிக்காரன்:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபப்பட வேண்டாம்.

2004 டிசம்பர் 26 சுனாமி எங்கள் பாலத்தையே தூக்கி எறிந்தது. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி எல்லாம் பிணக்காடு. அதற்கடுத்த மாதங்களில் வந்த தொண்டு நிறுவனங்களுக்குக் கணக்கில்லை. வந்தவர்களில் நல்லவர்கள் இருந்தார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன், எங்கள் பிள்ளைகளை உட்கார வைத்து வரையச் சொல்லி பேசச் சொல்லி மனதைத் தேற்றியவர்களை இன்றும் நினைக்கிறோம். ஆனால் திட்டக் காலம் முடிந்தது, போர்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு மனச்சோர்வு திட்டக் காலத்தோடு முடிகிறதா? 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் வந்தபோது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கம் இதையே மறுபடி பார்த்தேன். கடலில் போன கணவன் உடலே கிடைக்காத பெண்களுக்கு முதல் சில மாதம் ஆறுதல் சொல்ல ஆள் வரிசையில் நின்றது, அதற்குப் பிறகு வந்தவர்கள் சொந்தபந்தம் மட்டும்தான்.

இதற்கு வெளியிலிருந்து வரும் பணமும் ஒரு காரணம். 2020-ல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். வெளிநாட்டுப் பணம் வாங்கும் ஒரு அமைப்பு அதை இன்னொரு சிறிய அமைப்புக்குக் கொடுக்கக் கூடாது, நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது (முன்பு 50). பெரிய அமைப்பை நம்பி ஊரில் நர்ஸ் வைத்திருந்த சின்ன அமைப்புகளுக்கு அந்தக் குழாய் அடைபட்டுவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், ஒரு ஊரின் சுகாதாரத்தைத் தொண்டுப் பணத்தின் மேல் கட்டாதீர்கள். பணம் நின்றால் எல்லாம் நிற்கும், அரசு ஆஸ்பத்திரி நிற்காது.

இன்னொன்று இதைவிடப் பெரியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியன் இடம் காலியாக இருக்கிறது என்று வையுங்கள். சங்கம் பணம் போட்டு ஒரு ஆளை வைத்தால், அந்தக் காலியிடம் காலியாகவே கிடக்கும், கேட்க யாரும் இருக்கமாட்டார்கள். அந்த இடத்தை நிரப்பச் சொல்லி கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். இப்போது வருடத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தகவல் உரிமைச் சட்டத்தில் எத்தனை பணியிடம், எத்தனை காலி, எப்போதிருந்து காலி என்று கேட்டு வாங்குங்கள். அந்த நிலையத்தின் நிர்வாகத்தைக் கவனிக்கிற நோயாளர் நலச் சங்கத்தில் உங்கள் ஊர் ஆள் யாராவது உட்கார முடியுமா என்று பாருங்கள். மருத்துவ அலுவலரே பல நேரம் இதை விரும்புவார், அவர் மேலே எழுதினால் பதில் வராது, கிராம சபைத் தீர்மானத்தோடு எழுதினால் கோப்பு நகரும். தொண்டு அமைப்பு என்றால் இதுதான் முதல் தொண்டு என்பது என் கட்சி.

---

நெய்யூர் ஆசிரியர்:

மணக்குடி அண்ணன் சொன்னதில் முக்கால்வாசி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தொண்டின் மேல் கட்டக்கூடாது என்பதை மட்டும் நம் மாவட்டத்தில் நின்றுகொண்டு சொல்ல முடியாது அண்ணா. இங்கே மருத்துவம் கட்டப்பட்டதே அப்படித்தான். நெய்யூரில் லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு மருத்துவ வேலை தொடங்கியது 1838-ல், இது திருவிதாங்கூர் சமஸ்தானமாக இருந்த காலம். எவரெஸ்ட் ஏறப்போன 1922, 1924 குழுக்களில் இருந்த டாக்டர் சோமர்வெல், இங்கே இருந்த கூட்டத்தையும் டாக்டர் பற்றாக்குறையையும் பார்த்துவிட்டு இங்கேயே வேலைக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் அறுவை சிகிச்சை செய்தார். நாகர்கோவிலில் ரட்சண்ய சேனையின் கேத்தரின் பூத் மருத்துவமனையும் நூறு ஆண்டு தாண்டியது. ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது இந்த நூற்றாண்டில்தான்.

இவை நிலைத்ததற்குக் காரணம், உள்ளூர்ப் பிள்ளைகளை நர்ஸாக, கம்பவுண்டராக, மருத்துவ உதவியாளராகப் பயிற்றுவித்தார்கள். வெளியூர்க்காரர் போனாலும் வேலை நிற்கவில்லை. கடலோரத்தான் தம்பிக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது: உங்கள் ஊர் பெண் பிள்ளைகள் இரண்டு பேரை நர்சிங் படிக்க வையுங்கள்.

அப்புறம், முகாம் எல்லாமே வீண் என்று எழுதிவிடாதீர்கள். கண் முகாம் வேறு ரகம். திருநெல்வேலி அரவிந்த் மருத்துவமனை மாதிரியானவர்கள் ஊரில் பரிசோதனை மட்டும் செய்கிறார்கள், கண்புரை இருப்பவரை அன்றே பஸ்ஸில் ஏற்றி மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், அறுவை சிகிச்சை செய்து, லென்ஸ் வைத்து, கொண்டுவந்து விட்டு, பிறகு மறுபரிசோதனைக்கும் வருகிறார்கள். கண்டுபிடித்தவரே கடைசிவரை பொறுப்பு. பார்வையற்று மூலையில் உட்கார்ந்திருந்த பாட்டி மறுவாரம் தானே அரிசி களைகிறாள். இந்த முகாமுக்கு இடம் கொடுங்கள், விளம்பரம் செய்யுங்கள், ஆட்களைச் சேர்த்துவிடுங்கள்.

---

கடலோரத்தான்:

எல்லோருக்கும் நன்றி. மணக்குடி அண்ணன் சொன்ன வெளிநாட்டுப் பணச் சட்டம் எங்களுக்குப் பயத்தைக் கொடுக்கிறது, எங்கள் பணத்தில் பாதிக்கு மேல் வளைகுடாவில் இருந்து வந்ததுதான். இன்னொன்று நர்ஸ் அக்காவிடம் கேட்க வேண்டும். ஊரில் ஒரு அண்ணனுக்குக் காசநோய். இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டதும் இருமல் நின்றுவிட்டது, இப்போது கொச்சியில் இருந்து படகு புறப்படுகிறது, போகிறேன் என்கிறார். என்ன செய்ய?

---

மணக்குடிக்காரன்:

பயப்படாதே தம்பி. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற நம் ஆட்கள் சொந்தச் சம்பாத்தியத்தில் இருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. அனுப்பியவர்களின் பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். ஆனால் அவர்களுடைய அரபி முதலாளி பாசத்தில் ஏதாவது கொடுத்தாலோ, வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்துவிட்ட சொந்தக்காரர் கொடுத்தாலோ அது அந்தச் சட்டத்துக்குள் வரும், அனுமதி இல்லாமல் வாங்கவே கூடாது. ஹவாலா, கையில் கொண்டுவந்த ரொக்கம், எதுவும் வேண்டாம். ஒரு ஆடிட்டரை முதலிலேயே பிடித்துவிடுங்கள்.

---

தக்கலை நர்ஸ்:

அந்தத் தம்பியை நிறுத்துங்கள், அல்லது மாத்திரையோடு அனுப்புங்கள். இருமல் நின்றால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை, சாதாரணக் காசநோய்க்கே குறைந்தது ஆறு மாதம். பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத காசநோயாக மாறலாம், படகில் கூட இருக்கிறவர்களுக்கும் தொற்றலாம், அந்தச் சின்ன அறையில் எல்லோரும் நெருக்கி அடித்துத்தானே தூங்குகிறார்கள். அவர் பெயர் காசநோயாளிகளுக்கான அரசின் நிக்ஷய் இணையப் பதிவில் இருக்கும், நாட்டில் எந்த அரசு மையத்துக்கும் அதை மாற்றலாம். கொச்சியில் கரையேறும்போது அங்கேயே வாங்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் பயணத்துக்குத் தேவையானதை முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள், காசநோய்ப் பிரிவு மேற்பார்வையாளரிடம் பேசினால் வழி சொல்வார். வீட்டில் இருக்கிற மனைவி, பிள்ளைகளையும் பரிசோதிக்க வேண்டும், நோய் இல்லாதவர்களுக்குத் தடுப்பு மாத்திரை உண்டு.

இதில் சங்கத்துக்கு நேரடியாக ஒரு இடம் இருக்கிறது மக்களே. காசநோயாளிக்குச் சத்துணவுக்காக அரசு மாதம் 1,000 ரூபாய் தருகிறது (2024 நவம்பருக்கு முன் 500 ஆக இருந்தது). வங்கிக் கணக்கு, ஆதார் சரியில்லாமல் பலருக்கு அந்தப் பணம் வராமல் கிடக்கும், அதைச் சரிசெய்து கொடுங்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய நிக்ஷய் மித்ரா திட்டத்தில் சங்கத்தின் பெயரைப் பதிந்தால், பயறு, கடலை, எண்ணெய், முட்டை என்று மாதாமாதம் உணவுப்பை கொடுக்கலாம். எடை குறைந்த காசநோயாளிதான் சீக்கிரம் சாகிறார், நான் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், சோறு அங்கே மருந்துக்குச் சமம்.

ஆம்புலன்ஸ் வேண்டாம். 108 இருக்கிறது, 2008-ல் இருந்து ஓடுகிறது, அதை ஓட்டுவதே லாப நோக்கமில்லாத ஒரு நிறுவனம்தான், அரசோடு ஒப்பந்தம் போட்டு. நீங்கள் வாங்கினால் டிரைவர் சம்பளம், டயர், இன்சூரன்ஸ் என்று உங்கள் பணம் முழுக்க அதற்கே போகும். அவசரம் இல்லாத போக்குவரத்துக்குத்தான் ஆள் இல்லை: வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகிறவர், ரேடியேஷனுக்கு திருவனந்தபுரம் போகிறவர். ஊரில் ஒரு ஆட்டோக்காரரிடம் மாதக் கணக்குப் பேசிவிடுங்கள்.

---

குலசேகரம் தோட்டம்:

மலைப்பக்கத்தில் இருந்தும் ஒரு வார்த்தை. பேச்சிப்பாறை அணைக்கு அந்தப்பக்கம் காணிப் பழங்குடி மக்கள் குடியிருப்புகளுக்குத் தண்ணீரைக் கடந்துதான் போக வேண்டும். அங்கே பிரசவ நாள் நெருங்கிய பெண்ணை முன்னதாகவே கீழே கொண்டுவந்து தங்க வைப்பதுதான் பெரிய காரியம், கூட வருகிற தாய்க்குச் சாப்பாட்டுச் செலவு யார் கொடுப்பது என்ற இடத்திலேயே அது பல சமயம் நின்றுவிடுகிறது. கடற்கரைச் சங்கத்திடம் பணம் மிஞ்சினால் எங்களையும் நினையுங்கள்.

---

கடலோரத்தான்:

கூட்டத்தில் பேசிவிட்டோம். ஆம்புலன்ஸ் பேச்சு முடிந்தது, பெரியவர்கள் ஆட்டோ ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டார்கள். மெத்தை, நாற்காலி வாங்கி வாசகசாலையில் வைக்கிறோம். பயிற்சிக்கு களியக்காவிளை அண்ணனோடு நான்கு அக்காமார் வரத் தயார். கொச்சி போக இருந்த அண்ணன் இந்தப் பயணம் போகவில்லை, மேற்பார்வையாளரைப் பார்த்துவிட்டு அடுத்த படகுக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறார். குலசேகரத்துக்காரர் தனிச்செய்தியில் வாருங்கள். அடுத்த வாரம் மருத்துவ அலுவலரைப் பார்க்கப் போகிறோம், ஊரில் பிரஷர், சுகர், காசநோய் இருப்பவர்கள் பட்டியலை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுச் சரிபார்த்து எடுத்துக்கொண்டு போகலாம் என்று இருக்கிறோம்.

---

தக்கலை நர்ஸ்:

பட்டியலைக் குழுவில் போடாதே தம்பி! காசநோய் என்று பெயர் வெளியே வந்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறதில் இருந்து பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் யார் உட்காருவது என்பது வரை பாதிக்கும், அடுத்த நோயாளி வாயே திறக்கமாட்டார், எல்லை தாண்டிப் போய் ரகசியமாக மருந்து வாங்குவார். ஒரு நோட்டு போதும், அது ஒரே ஆளிடம் இருக்கட்டும். டாக்டரைக் காலையில் பார்க்கப் போகாதீர்கள், வெளிநோயாளிகள் கூட்டம் நெரியும். மதியத்துக்கு மேல் போங்கள், உங்கள் பகுதி கிராம சுகாதார நர்ஸையும் சுகாதார ஆய்வாளரையும் அன்றே கூட உட்கார வைத்துப் பேசுங்கள். டாக்டர் மாறுதலாகிப் போனாலும் அவர்கள் இருவரில் ஒருவராவது உங்களுக்குத் தெரிந்தவராக இருப்பார்.